மச்சான் தொலைத்த பணம்

மோத்துரிகி
மார்ச் 9

மச்சான் வைசாக்கே,

நாங்கள் இங்கே நலம். உன் தங்கை உனைசிக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. மழை வருவது எனக்கு முன்பே அவள் முழங்காலுக்குத் தெரிந்துவிடுகிறது. உன் முதுகு எப்படி இருக்கிறது? அந்த முதியோர் இல்லத்தில் கிழவர்களைத் தூக்கித் தூக்கி நீயும் ஒரு கிழவனாகிவிட்டாய் என்று ஆக்லாந்திலிருந்து செய்தி வந்தது.

காகிதத்தில் கடிதம் வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதே. யாரும் சாகவில்லை. போன வியாழக்கிழமை உனைசியின் போனுக்கு உன் பெயரில் ஓர் இமெயில் வந்தது. "அன்புமிக்க சக்கியூசா அவர்களுக்கு, தாங்கள் நலமென நம்புகிறேன்" என்று தொடங்கியிருந்தது. நாற்பது வருடமாக என்னைப் பன்றி என்றும் ஓட்டை வள்ளம் என்றும் கூப்பிட்டவன் திடீரென்று 'தாங்கள்' என்கிறானே என்று எனக்கு அப்போதே சந்தேகம். கீழே ஒரு லிங்க் இருந்தது. அதை அழுத்தி எங்கள் வங்கி விவரத்தை நிரப்பினால் நீ உடனே பணம் அனுப்புவாயாம். உனைசி படித்துவிட்டு, "பணம் தர்றதுக்கு அண்ணன் இவ்ளோ அவசரப்படுறாருன்னா, இது அண்ணனே இல்ல" என்றாள்.

நாங்கள் எதையும் அழுத்தவில்லை. ஆனால் உன் இமெயிலுக்குள் யாரோ புகுந்து உட்கார்ந்திருக்கிறான். அதனால்தான் இந்தக் காகிதம். நம் படகுப் பணம் முழுக்க உன் கணக்கில் இருக்கிறது. முதலில் போய் அதைப் பார்.

போன மாதம் நம் தீவுப் பெண் தித்திலியாவைப் பிரசவத்துக்கு லெவுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதிக் கடலில் பழைய படகின் இன்ஜின் நின்றுவிட்டது. உள்ளே ஏறிய தண்ணீரை இரண்டு பேர் இறைத்தார்கள். நான் துடுப்புப் போட்டேன். குழந்தை படகிலேயே பிறந்தது. பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. ஆனால் இதையே அடுத்த முறையும் நம்பி உட்கார முடியாது. ஊருக்குப் புதுப் படகு கட்டித்தரும் சுவா படகுக்காரர் மே மாதத்துக்குள் முன்பணம் கேட்கிறார். சிட்னியிலும் ஆக்லாந்திலும் பட்டாளத்திலும் இருக்கிற நம் பிள்ளைகள் மூன்று வருடமாகப் போட்ட பணம். இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னைவிட அழகான மச்சான்,
சக்கியூசா


பெண்டிகோ
மார்ச் 28

அழகைப் பற்றிப் பேசத் துணிந்த மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் முதுகு பரவாயில்லை. உனைசிக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன். அதை நீ உன் முழங்காலில் தடவித் தீர்த்துவிடாதே.

இமெயில் விஷயம் உண்மைதான். யாரோ நுழைந்திருக்கிறான். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். முன்பு இமெயிலுக்கும் வங்கிக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்தேன். இப்போது இரண்டும் வேறு வேறு. படகுப் பணம் பத்திரமாக இருக்கிறது. அதை நினைத்து நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஊரில் போன் வைத்திருக்கிறவர்களிடம் நான் சொன்னதாகச் சொல். வங்கியிலிருந்து இமெயில் வந்தால் அதிலுள்ள லிங்க்கை அழுத்தவே கூடாது. வங்கியின் முகவரியை நாமே தட்டித்தான் உள்ளே போகவேண்டும். 'இன்றைக்குள் செய்யாவிட்டால் கணக்கு முடங்கிவிடும்' என்று அவசரப்படுத்தினால் அது திருட்டு. அந்தத் திருட்டுப் பக்கம் அசல் பக்கம் போலவே இருக்கும். அதே நிறம், அதே எழுத்து. நாம் பாஸ்வேர்டைப் போட்டதும் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். கொஞ்ச நேரத்தில் போன் வரும். ஒரு பெண் பேசுவாள். அதட்ட மாட்டாள். ரொம்ப மெதுவாக, "ஐயா, பதட்டப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்பாள். நம் போனுக்கு வங்கியின் எண் வருகிற வரைக்கும் சும்மா இருக்க மாட்டாள். "குரல் களைப்பா இருக்கே, சாப்டீங்களா?" என்று கேட்பாள். போனுக்கு வரும் அந்த ஆறு இலக்க எண்ணை மட்டும் சொல்லக் கூடாது. வங்கியில் வேலை செய்கிற யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.

படகுக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். இப்போது ஆஸ்திரேலிய டாலர் இறங்கியிருக்கிறது. ஏறட்டும், அனுப்புகிறேன். நீயும் இமெயில் அனுப்பாமல் இப்படியே எழுது. எனக்கும் இதுதான் பிடித்திருக்கிறது.

அன்புடன்,
வைசாக்கே


மோத்துரிகி
ஏப்ரல் 20

மச்சான்,

நலமா? தைலம் வந்தது. உனைசி மாடிப்படி இருந்தால் ஏறியே காட்டுவேன் என்கிறாள். நல்லவேளை, ஊரில் மாடி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து யங்கோனா வேரைக் கரைத்துக் குடிக்க உட்கார்ந்தபோது உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். 'சாப்டீங்களா' என்ற இடம் வந்ததும் லைத்தே அத்தை நிறுத்தச் சொல்லிவிட்டாள். "சாப்டியான்னு ஒரு பொண்ணு கேட்டா அதுல என்னடா தப்பு? மரியாதை தெரிஞ்ச பொண்ணு" என்றாள். அத்தையின் பணம் பாய்க்கடியில் இருக்கிறவரை நமக்குக் கவலையில்லை.

உன் கடிதத்தைப் பிறகு நான் தனியாக இன்னொரு முறை வாசித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய்.

படகுக்காரர் ஜூன் வரை பொறுப்பதாகச் சொன்னார். ஆக்லாந்திலிருந்து ஊருக்கு வந்த நம் பெண் ஒருத்தி உன் படம் ஒன்றைக் காட்டினாள். கழுத்து எலும்பெல்லாம் தெரிகிறது. அந்த ஊரில் உனக்கு மரவள்ளி கிடைக்கவில்லையா, மச்சான்? வேலை எப்படிப் போகிறது? எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

பதில் போடு.

சக்கியூசா


பெண்டிகோ
ஜூன் 2

மச்சான்,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் ஷிப்டையும் சேர்த்து நானே பார்க்கிறேன். நான் குளிப்பாட்டி விடுவேனே ஹாலரன் கிழவர், அவர் போன வாரம் போய்விட்டார். கடைசி வரைக்கும் என்னை ரக்பி ஆட்டக்காரன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

காரை விற்றுவிட்டேன். சைக்கிளில் போகிறேன். டாக்டர் உடம்புக்கு நல்லது என்றார். அதனால்தான் மெலிந்து தெரிகிறேன்.

படகு விஷயத்தில் செப்டம்பர் வரை பொறுத்துக்கொள்ளச் சொல். அதற்குள் கட்டாயம் அனுப்பிவிடுவேன். கிறிஸ்துமஸுக்கு வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியவில்லை. உனைசியிடம் எதையும் பெரிதுபடுத்திச் சொல்லாதே.

வைசாக்கே


மோத்துரிகி
ஜூன் 19

மச்சான் வைசாக்கே,

நலம் விசாரித்து எழுதத் தொடங்கினாலும் இன்றைக்கு எனக்கு நலமில்லை. ஒரு கேவலம் நடந்துவிட்டது. உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

ஈஸ்டருக்குப் பிறகு நான் புதிதாக ஒரு போன் வாங்கியிருந்தேன். நீ கிண்டல் செய்வாய் என்று சொல்லாமல் வைத்திருந்தேன். கொப்பரை விற்ற பணத்தையெல்லாம் அந்தப் போன் கணக்கில்தான் போட்டு வைத்தேன். போன வாரம் ஒரு செய்தி வந்தது, கணக்கு முடங்கப்போகிறது என்று. நீ அத்தனை சொல்லியிருந்தும், அந்தக் கடிதத்தை நானே ஊர் முன்னால் வாசித்திருந்தும், அழுத்திவிட்டேன். பிறகு ஒருத்தன் பேசினான். எண்ணைக் கேட்டான். சொன்னேன். முந்நூற்று எழுபது டாலர் போய்விட்டது.

முட்டாள் என்று நீ திட்டலாம். நானே திட்டிக்கொண்டுவிட்டேன். இரண்டு நாள் மீன் பிடிக்கக்கூடப் போகவில்லை. உனைசி முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் ஒன்று யோசித்தேன். நான் பணத்தை எடுத்துச் செலவழிக்கவில்லை. வைத்திருந்ததை ஒருத்தன் திருடினான். வீட்டில் திருடன் புகுந்தால் வீட்டுக்காரனா தலைகுனிய வேண்டும்?

இதை உன்னிடம் சொன்ன பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. நீ என்ன நினைக்கிறாய், எழுது.

சக்கியூசா


பெண்டிகோ
ஜூலை 7

மச்சான்,

உன் கடிதத்தை இல்லத்துச் சலவை அறையில் நின்றுகொண்டே படித்தேன். நான் உன்னைத் திட்டவில்லை. திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் போனைப் பார்த்தேன். வங்கி பெயரில் ஓர் இமெயில். இன்று மாலைக்குள் சரிபார்க்காவிட்டால் கணக்கு முடங்கும் என்று இருந்தது. படகுப் பணம் மாட்டிக்கொள்ளுமே என்ற பயத்தில்தான் அழுத்தினேன். பாஸ்வேர்டைப் போட்டேன். பிறகு அந்தப் பெண் பேசினாள். மார்ச்சில் நான் உனக்கு எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் அவள் என்னிடம் பேசியதுதான். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். என் மனைவி சேய்னி இறந்த பிறகு இந்த வீட்டில் என்னை அப்படிக் கேட்க ஆள் இல்லை. "இன்னும் இல்லைம்மா" என்று சொன்னேன். அடுத்த மூச்சில் அந்த ஆறு எண்களையும் சொன்னேன். அவள் நன்றி சொல்லிவிட்டு வைத்தாள்.

அரைமணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது.

உன் முதல் கடிதம் வந்தபோது சொல்லியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன். 'படகுப் பணம்' என்று எழுதிவிட்டு, அடுத்ததாகப் 'பத்திரமாக இருக்கிறது' என்று கை எழுதிவிட்டது. பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் இரண்டு ஷிப்ட் வேலை, கார் விற்பனை, சைக்கிள் எல்லாம். வேலையை விட்டு யாரும் போகவில்லை. வங்கியில்கூட நான் சொல்லவில்லை. கவுண்டரில் இருக்கிற சின்னப் பெண் என்னைப் பார்த்து என்ன நினைப்பாள் என்று தெருவின் மறுபக்கம் நடந்தேன். இதுவரை கால்வாசிதான் திரும்பச் சேர்த்திருக்கிறேன். செப்டம்பருக்குள் முடியாது.

தித்திலியாவின் குழந்தையைப் பற்றி நீ எழுதியது தினமும் ஞாபகம் வருகிறது. அடுத்த முறை அந்தப் படகு மூழ்கினால் நான்தான் காரணம்.

நீ சொன்னதால்தான் எனக்கும் சொல்ல வாய் வந்தது.

வைசாக்கே


மோத்துரிகி
ஜூலை 22

டேய் ஓட்டை வள்ளமே,

பிப்ரவரியிலிருந்து இதைத் தனியாகச் சுமந்தாயா? கிழவர்களைத் தூக்குகிற முதுகு என்பதால் தாங்கியிருக்கிறது.

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் சட்டையை மாற்று. நேராக வங்கிக்குப் போ. நடந்ததை முதல் நாளிலிருந்து சொல். அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்காதே. லெவுகா வங்கியில் விசாரித்தேன். அந்த மேலாளர் சொன்னார்: "முதல் மணி நேரத்துலயே சொல்லியிருந்தா பிடிச்சிருக்கலாம். இப்பவும் சொல்லணும். அந்தக் கணக்கு இன்னும் வேற ஆளுங்க பணத்தை வாங்கிக்கிட்டு இருக்கும்."

ஊர்ப் பெரியவர்களிடம் நான் உனக்காகப் பேசட்டுமா என்று யோசித்தேன். வேண்டாம், நீயே எழுது. நான் வாசிக்கிறேன். திட்டுவார்கள். லைத்தே அத்தை அழுவாள். அதன் பிறகு இன்ஜின் சின்னதாகப் போட்டால் ஆகுமா என்று பேச ஆரம்பிப்பார்கள். நம் ஆட்களை உனக்குத் தெரியாதா?

மூன்று வருடமாக அந்தப் பணத்தில் ஒரு சதம்கூட நீ தொடவில்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது ஷிப்ட் வேலையை நிறுத்து. செத்துப்போனால் உன்னைக் கொண்டுவரவும் அந்தப் பழைய படகுதான் இருக்கிறது.

முதலில் சாப்பிடு.

உன் மச்சான்


பெண்டிகோ
ஆகஸ்ட் 26

மச்சான்,

நலம். உண்மையாகவே நலம். நேற்று எட்டு மணி நேரம் தூங்கினேன்.

வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் சிரிக்கவில்லை. எழுந்து வந்து எனக்கு நாற்காலி போட்டாள். அவளுடைய அப்பாவுக்கும் இது நடந்ததாம். பணம் போன கணக்குகளில் ஒன்றை வேறு யாரோ கொடுத்த புகாரில் ஏற்கெனவே முடக்கியிருக்கிறார்கள். அதில் மிஞ்சியதில் ஒரு சின்னப் பங்கு எனக்கு வரலாம். மீதி வராது. இனி பெரிய தொகை போகவேண்டுமென்றால் ஒரு நாள் காத்திருக்கும்படி கணக்கில் கட்டுப்பாடு போட்டுத் தந்தாள்.

பெரியவர்களுக்கு எழுதியது இத்துடன் இருக்கிறது. வாசி. எதையும் குறைக்காதே.

போன ஞாயிறு இங்கே நம் ஆட்கள் ஆராதனைக்குக் கூடினோம். கூடத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காய்ப்பால் மீனைத் தட்டில் வைத்தபடி எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பின்னாலிருந்து திமைமா எழுந்தாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறவள், இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள்.

"அண்ணே, அந்தப் பொண்ணு களைப்பா இருக்கீங்களான்னு கேட்டாளா?"

"கேட்டா."

"என்கிட்ட இன்னைக்குக் காலைல கேட்டா. நாலு மணிக்கு மறுபடி கூப்பிடுறேன், எண் வரும், சொல்லுங்கன்னா."

மணி அப்போது மூன்றே கால். திமைமாவின் வங்கி அட்டையின் பின்னால் இருந்த எண்ணுக்கு அங்கிருந்தே போன் போட்டோம். கணக்கை நிறுத்திவிட்டார்கள். அவள் பணம் முழுதும் இருக்கிறது. நாலு மணிக்குப் போன் அடித்தது. கூடத்தில் நாற்பது பேரும் அது அடித்து ஓய்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்று சொல்லவேண்டும். பேச்சில் உன் பெயரையும் இழுத்துவிட்டேன். "ஊர்லயே கெட்டிக்காரன் என் மச்சான் சக்கியூசா, அவனே ஏமாந்துட்டான்" என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர்கள் முகம் இளகியது. கோபித்துக்கொள்ளாதே.

வைசாக்கே


மோத்துரிகி
செப்டம்பர் 17

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

தங்கை அண்ணனுக்கு நேராக எழுதுகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். நாங்கள் எல்லோரும் சுகம். நீங்கள் நன்றாகச் சாப்பிடுவதாகக் கேள்விப்பட்டு மகிழ்ந்தேன்.

உங்கள் கடிதத்தைப் பெரியவர்கள் கேட்டார்கள். இரண்டு பேர் கோபமாகப் பேசினார்கள். பிறகு சின்ன இன்ஜின் போதும் என்று முடிவாயிற்று. இருக்கிற பணத்துக்குப் படகுக்காரர் வேலையை ஆரம்பித்துவிட்டார். அதைப் பற்றி நீங்கள் இனிக் கவலைப்பட வேண்டாம்.

நான் எழுதுவது வேறு விஷயம். உங்கள் மச்சானுக்குத் தெரிந்தால் என்னோடு ஒரு வாரம் பேசமாட்டார். அண்ணா, அவர் போன் வாங்கவே இல்லை. கொப்பரைப் பணம் அலமாரியில் இருந்தது, என் தம்ளர்களுக்குப் பின்னால். உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை வாசித்த அன்றே, "சாப்டீங்களான்னு கேட்டதெல்லாம் வங்கி நோட்டீஸ்ல போட்டிருக்காது. கேட்டவனுக்குத்தான் தெரியும்" என்றார். அதன் பிறகு நீங்கள் காரை விற்ற செய்தி வந்தது. மறுநாள் அவர் கடலுக்குப் போகவில்லை. பிறகு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "எவ்ளோ போச்சுன்னு எழுதலாம்? ரொம்பக் கம்மியா இருந்தா அவன் நம்பமாட்டான்" என்று என்னைக் கேட்டார். முந்நூற்று எழுபது நான் சொன்ன எண்.

நீங்கள் பெண்டிகோவில் ஞாயிறு மதியம் பேசியது திங்கள் காலையில் லெவுகா மார்க்கெட்டுக்கு வந்துவிட்டது. திமைமாவின் அக்காள் அங்கே கிழங்கு விற்கிறாள். இப்போது இவர் படகிலிருந்து இறங்கினால் பையன்கள், "மாமா, அந்த ஆறு எண்ணு என்ன?" என்கிறார்கள். "ஆமாடா, ஏமாந்துட்டேன்" என்று இவரும் சிரித்துக்கொண்டு போகிறார். அதுவரை பரவாயில்லை. போன வாரம் சபைக் கூட்டத்தில் காணிக்கைப் பெட்டிச் சாவியை இவரிடமிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். பதினெட்டு வருடம் இவரிடம் இருந்த சாவி. அங்கேயே கழற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் வெகுநேரம் ஒரு முடிச்சுக்கூடப் போடவில்லை.

நீங்கள் ஏதும் செய்யவேண்டும் என்று எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் தங்கை,
உனைசி


பெண்டிகோ
அக்டோபர் 8

மச்சான் சக்கியூசா,

நலமா? உனைசியைத் திட்டாதே. திட்டினால் அங்கே வந்து உன்னைக் கடலில் போடுவேன்.

அவள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. முதலில் கோபம் வந்தது. என்னை ஒரு சின்னப் பையனைப் போல நடத்திவிட்டாயே என்று. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் அழுதுவிட்டேன். இந்த ஊரில் நான் இப்படித் தெருவில் அழுதது இதுதான் முதல் தடவை.

இந்த உறையிலேயே போதகருக்கு ஒரு கடிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடு. நீ கொடுக்காமல் விட்டுவிடுவாய் என்று தெரியும். அதனால் இன்னொன்றைத் தபாலில் நேராக அவருக்கே அனுப்பிவிட்டேன். சக்கியூசா யாரிடமும் எதையும் இழக்கவில்லை, அவனிடம் போனே கிடையாது, வாய் திறக்க முடியாமல் கிடந்த ஒருத்தனுக்காக அவன் பொய் சொன்னான் என்று எழுதியிருக்கிறேன். ஊர் முன்னால் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். சாவியைத் தருவதும் தராததும் சபையின் இஷ்டம். பொய் சொன்னதற்காகச் சபையில் உன்னைக் கண்டிக்கவும் கண்டிப்பார்கள். வாங்கிக்கொள்.

வாசிக்கிற அன்று மீன் பிடிக்கப் போய்விடாதே. உட்கார்ந்து கேள். நீ எனக்குச் செய்ததை நான் உனக்கு நேரில் சொல்ல மாட்டேன். நம் இரண்டு பேருக்கும் அது வராது. வேறொருவர் வாயால் கேட்டுக்கொள்.

டிக்கெட் எடுத்துவிட்டேன், நானே கவுண்டருக்கு நேரில் போய். டிசம்பர் 17 மதியம் நாத்தோவி துறையிலிருந்து லெவுகாவுக்குக் கப்பல். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. துறைமுகத்துக்கு வரவேண்டாம், நானே படகு பிடித்து வந்துகொள்கிறேன் என்றுதான் முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

வந்து நில், மச்சான்.

வைசாக்கே